இலங்கையில் தனியார் துறை ஊழியர்களின் விடுமுறை உரிமைகள்

இலங்கையில் தனியார் துறை ஊழியர்களின் விடுமுறை உரிமைகள் என்பவை, அந்நாட்டில் தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோருக்குச் சம்பளத்துடன் அளிக்கப்பட வேண்டிய ஆகக் குறைந்த ஓய்வு நாட்களையும் விடுப்புகளையும் குறிக்கும். இவை ஒரே சட்டத்தில் அடங்கியவை அல்ல. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 1971 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஓர் ஊழியருக்கு எத்தனை நாள் விடுப்பு உண்டு என்பது, அவர் எந்த நிறுவனத்தில் பணிபுரிகிறார் என்பதைவிட, அவர் செய்யும் வேலை இச்சட்டங்களுள் எதன் கீழ் வருகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

இச்சட்டங்கள் கூறும் அளவுகள் கீழ் எல்லைகளே ஆகும். நிறுவனங்கள் இவற்றைவிடக் கூடுதலான நாட்களை வழங்கலாம். குறைத்து வழங்க முடியாது. குறைந்த நாட்களுக்கு உடன்படுவதாக ஊழியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், அவ்வுடன்பாட்டைக் காட்டிப் பணிகொள்வோர் சட்டக் கடப்பாட்டிலிருந்து விலக முடியாது.

சொல் வழக்கு

இலங்கைத் தமிழில் "விடுமுறை", "லீவு" ஆகிய சொற்கள் இருவேறு பொருள்களில் வழங்குகின்றன. நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ஓய்வு நாள் ஒன்று. ஊழியர் ஒருவர் தனிப்பட விண்ணப்பித்துப் பெறும் நாள் மற்றொன்று. தமிழ்நாட்டு வழக்கில் முன்னையதை விடுமுறை என்றும் பின்னையதை விடுப்பு என்றும் பிரித்துக் கூறுவர். இக்கட்டுரையில் தெளிவு கருதி அப்பகுப்பே பின்பற்றப்படுகின்றது. இலங்கையின் அரச ஆவணங்களில் "வருடாந்த விடுமுறை" எனக் காணப்படுவது இங்கு வருடாந்த விடுப்பு என்றும், பேச்சு வழக்கில் "கசுவல் லீவு" எனப்படுவது அமய விடுப்பு என்றும் குறிக்கப்பட்டுள்ளன.

வரலாறு

இலங்கையில் தொழிலாளர் நிருவாகம் தோட்டத் தொழிலாளருடன் தொடங்கியது எனலாம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் நலன்களைக் கவனிப்பதற்கென 1923 ஆம் ஆண்டின் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏற்படுத்தப்பட்ட திணைக்களமே பின்னர் நாடு முழுவதற்குமான தொழில் திணைக்களமாக வளர்ந்தது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, அரசாங்க சபைக் காலத்தில் தொழிலாளர் நலன் சார்ந்த சட்டங்கள் பல இயற்றப்பட்டன. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் அக்காலத்தைச் சேர்ந்தவை.

தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்தோருக்கு இவை ஓரளவு பாதுகாப்பளித்தன. நகர்ப்புறங்களில் கடைச் சிப்பந்திகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் பணியாற்றியோரின் வேலை நேரம், ஓய்வு, விடுப்பு ஆகியவற்றை ஒருங்கே ஒழுங்குபடுத்தும் சட்டம் 1954 இல் இயற்றப்பட்டது. இன்று அலுவலக ஊழியர்கள் பொதுவாக அறிந்துள்ள "14 நாள், 7 நாள்" என்ற கணக்கு இச்சட்டத்திலிருந்து வந்ததாகும்.

எந்தச் சட்டம் யாருக்கு?

கடை, அலுவலக ஊழியர் சட்டம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்குப் பொருந்தும். விற்பனை நிலையங்களுடன் உணவகங்களும் விடுதிகளும் "கடை" என்பதில் அடங்கும். தனியார் நிறுவனங்களின் கணக்காளர், எழுதுவினைஞர், கணினி மென்பொருள் வல்லுநர், வங்கி ஊழியர் முதலியோர் இச்சட்டத்தின் கீழ் வருகின்றனர்.

சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில் வாரியாகச் செயற்படுவது. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சபை அமைக்கப்படும். அச்சபையில் பணிகொள்வோரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பர். இவர்களுடன் அரசாங்கம் நியமிக்கும் உறுப்பினரும் இருப்பர். தேயிலை, இறப்பர், ஆடை உற்பத்தி, பொறியியல், அச்சுத் தொழில் முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இவ்வாறு சபைகள் உள்ளன.

இதனால் ஒரே மதிலுக்குள் இயங்கும் ஒரே நிறுவனத்தில் இருவேறு விடுப்பு முறைகள் நிலவுவது வழமை. எடுத்துக்காட்டாக, ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருவார். அதே தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தை இயக்குபவர் ஆடை உற்பத்தித் தொழிலுக்கான சம்பளச் சபையின் தீர்மானங்களின் கீழ் வருவார். வீட்டுப் பணியாளர்கள் கடையிலோ அலுவலகத்திலோ பணிபுரிபவர்கள் அல்லர் என்பதால், 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விடுப்பு உரிமைகள் அவர்களைச் சென்றடைவதில்லை.

வாராந்த விடுமுறை

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நாள் ஒன்று உணவு இடைவேளை நீங்கலாக 8 மணித்தியாலங்களுக்கும், வேலை வாரம் 45 மணித்தியாலங்களுக்கும் மேற்படலாகாது. மிகைநேர வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலங்களுக்கு மேற்படலாகாது.

ஒவ்வொரு வாரத்திலும் ஒரு முழு நாளும் ஓர் அரை நாளுமாக ஒன்றரை நாள் விடுமுறை அளிக்கப்பட வேண்டும். மிகைநேரம் நீங்கலாக அவ்வாரத்தில் 28 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஊழியருக்கு இவ்விடுமுறை முழுச் சம்பளத்துடன் உரியது. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உணவகங்கள், பேரங்காடிகள் போன்றவற்றில் ஊழியர்களுக்கு வெவ்வேறு நாட்களில் சுழற்சி முறையில் விடுமுறை அளிக்கப்படுகின்றது.

வருடாந்த விடுப்பு

வருடாந்த விடுப்பு ஓய்வுக்காக அளிக்கப்படுவது. முன் ஆண்டில் செய்த பணியின் பயனாக ஈட்டப்படும் விடுப்பு என்பதால், பணியில் சேர்ந்த அதே ஆண்டில் இதனை எடுக்க முடியாது. முதலாம் ஆண்டுப் பணிக்குரிய விடுப்பு அடுத்த நாட்காட்டி ஆண்டில் கிடைக்கும். அதன் அளவு, பணியில் சேர்ந்த திகதியைப் பொறுத்துப் பின்வருமாறு அமையும்:

* சனவரி 1 முதல் மார்ச் 31 வரையான காலத்தில் சேர்ந்தவர் - 14 நாட்கள்
* ஏப்ரல் 1 முதல் சூன் 30 வரையான காலத்தில் சேர்ந்தவர் - 10 நாட்கள்
* சூலை 1 முதல் செப்டம்பர் 30 வரையான காலத்தில் சேர்ந்தவர் - 7 நாட்கள்
* அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ சேர்ந்தவர் - 4 நாட்கள்

அடுத்து வரும் ஆண்டுகளில் விடுப்பு ஆண்டொன்றுக்கு 14 நாட்களாகும். எடுத்துக்காட்டாக, 2023 மே 15 அன்று பணியில் சேர்ந்த ஒருவர் 2024 இல் 10 நாட்களும், 2025 இல் 14 நாட்களும் வருடாந்த விடுப்புப் பெறத் தகுதியுடையவர். சூன் 30 அன்று சேர்ந்தவருக்கும் சூலை 1 அன்று சேர்ந்தவருக்கும் இடையே ஒரு நாள் வேறுபாடு மட்டுமே இருந்தாலும், அடுத்த ஆண்டு விடுப்பில் மூன்று நாட்கள் வேறுபடும் என்பதைக் கவனிக்கலாம்.

14 நாட்களுள் 7 நாட்களையாவது தொடர்ச்சியாக அளிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறாகும். இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுக்கப்படும் நாட்கள் சொந்த அலுவல்களிலேயே கழிந்துவிடும். உடலும் மனமும் களைப்பாறத் தொடர்ச்சியான ஓய்வு தேவை என்பது இதன் அடிப்படை. எனினும் நடைமுறையில் இவ்விதி பரவலாக மறக்கப்பட்டு, வருடாந்த விடுப்பும் ஒவ்வொரு நாளாகவே எடுக்கப்படுவதைக் காணலாம்.

பணியிலிருந்து நீங்கும் ஊழியர், ஈட்டியும் எடுக்காமல் எஞ்சியுள்ள வருடாந்த விடுப்புக்குரிய சம்பளத்தைப் பெறும் உரிமை உடையவர். அவர் தாமாக விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பது இவ்வுரிமையைப் பாதிப்பதில்லை.

அமய விடுப்பு

சொந்த அலுவல், உடல்நலக் குறைவு, அல்லது வேறு நியாயமான காரணம் ஒன்றுக்காக எடுக்கப்படும் விடுப்பு அமய விடுப்பு ஆகும். இது ஆண்டுக்கு 7 நாட்கள். பணியின் முதலாம் ஆண்டில், நிறைவு செய்த ஒவ்வோர் இரண்டு மாதப் பணிக்கும் ஒரு நாள் என்ற வீதத்தில் இது கிடைக்கும். ஆகவே, ஆறு மாதங்களை நிறைவு செய்த புதிய ஊழியருக்கு மூன்று நாட்கள் உரியன. தகுதிகாண் காலத்தில் எவ்வித விடுப்பும் கிடையாது என்ற கருத்துப் பரவலாக உள்ளதாயினும், அது சரியன்று. தகுதிகாண் ஊழியரும் சட்டத்தின் பொருளில் ஊழியரே.

இலங்கைச் சட்டத்தில் தனியார் துறை அலுவலக ஊழியருக்கெனத் தனியான நோய் விடுப்பு இல்லை. காய்ச்சலுக்கும், உறவினர் வீட்டுச் சாவுக்கும், பிள்ளையின் பாடசாலை அலுவலுக்கும் இந்த 7 நாட்களே பயன்பட வேண்டும். பல நிறுவனங்கள் தமது விருப்பின்பேரில் 7 நாட்களோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்பு வழங்குகின்றன. நியமனக் கடிதத்தில் "21 நாள் விடுப்பு" எனக் காணப்படுமாயின், அது 14 நாள் வருடாந்த விடுப்பும் 7 நாள் அமய விடுப்பும் சேர்ந்த சட்டக் குறைந்தளவே ஆகும். நிறுவனத்தின் சலுகை அன்று.

சட்டமுறை விடுமுறைகள்

இலங்கை நாட்காட்டிகளில் விடுமுறை நாட்கள் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வணிக விடுமுறை என மூன்று வகையாகக் குறியிடப்பட்டிருக்கும். ஒரே நாள் மூன்று வகையிலும் அடங்கலாம். இரண்டில் மட்டும் அடங்கலாம். தனியார் துறை ஊழியருக்கு உரித்தானவை மூன்றாம் வகையான வணிக விடுமுறைகளே. பூரணை நாட்கள் நீங்கலாக இவை எட்டு ஆகும்:

* தைப்பொங்கல்
* தேசிய நாள் (பெப்ரவரி 4)
* சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்திய நாள்
* சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு நாள்
* மே நாள்
* வைகாசிப் பூரணைக்கு அடுத்த நாள்
* முகம்மது நபி பிறந்த நாள்
* நத்தார் நாள்

இப்பட்டியலில் நாட்டின் நான்கு பெரும் சமயத்தவரின் நாட்களும் இடம்பெற்றுள்ளன. ஆயினும், தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியன இதில் இல்லை. இவை பொது விடுமுறைகளும் வங்கி விடுமுறைகளும் ஆகும். வணிக விடுமுறைகள் அல்ல. ஆகவே தீபாவளியன்று அரச அலுவலகமும் வங்கியும் மூடப்பட்டிருக்க, தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் இந்து ஊழியர் அன்று பணிக்குச் செல்லவோ, தமது அமய விடுப்பில் ஒரு நாளைப் பயன்படுத்தவோ நேரிடுகிறது. பல நிறுவனங்கள் அந்நாட்களில் தாமாகவே விடுமுறை அளிக்கின்றன. அளிக்காதவை சட்டத்தை மீறியவை ஆகா.

வணிக விடுமுறை நாளில் ஊழியரை வேலைக்கு அமர்த்தினால், அதற்குப் பதிலாக அவ்வாண்டு திசம்பர் 31 க்கு முன் வேறொரு நாளைச் சம்பளத்துடன் விடுமுறையாக அளிக்க வேண்டும். அல்லது அந்நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம் வழங்க வேண்டும்.

பூரணை விடுமுறை

முழுநிலவு நாளான பூரணை நாள் பௌத்தர்களுக்குப் புனிதமானது. சிங்களத்தில் இது "போயா" எனப்படும். இலங்கையில் 1966 முதல் 1971 வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக நிலவின் நான்கு பிறைநிலை நாட்கள் வாராந்த விடுமுறையாகவும், அவற்றுக்கு முந்திய நாட்கள் அரை விடுமுறையாகவும் கடைப்பிடிக்கப்பட்டன. நிலவின் கால் சுற்று ஏழு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலானது என்பதால், வேலை வாரத்தின் நீளம் ஒரு சீராக அமையவில்லை. வெளிநாடுகளுடனான வணிகத்திலும் இடர்ப்பாடுகள் தோன்றின. 1971 ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை மீண்டும் விடுமுறையாக்கியது. முழுநிலவு நாளை மட்டும் தனி விடுமுறையாக நிலைநிறுத்தியது.

இதன்படி ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று, பூரணை விடுமுறைகள் உள்ளன. பூரணை நாளில் வேலை செய்பவருக்கு அந்நாளுக்குரிய சம்பளத்தின் ஒன்றரை மடங்கு வழங்கப்பட வேண்டும். பூரணை நாள் ஞாயிற்றுக்கிழமையில் வருமாயின் ஊழியர் ஒரு விடுமுறையை இழந்தவராவார்.

மகப்பேற்று விடுப்பு

மகப்பேற்று விடுப்புக்கும் இரு சட்டங்கள் உள்ளன. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு அச்சட்டமும், தொழிற்சாலை, தோட்டம் முதலிய ஏனைய இடங்களில் பணிபுரியும் பெண்களுக்கு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் பொருந்தும்.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி இவ்விடுப்பு முழுச் சம்பளத்துடன் கூடிய 84 நாட்கள் ஆகும். மகப்பேற்றுக்கு முன் 14 நாட்களும் பின் 70 நாட்களும் என இது பிரிக்கப்பட்டுள்ளது. வாராந்த விடுமுறைகள், பூரணை நாட்கள், சட்டமுறை விடுமுறைகள் ஆகியன இந்த 84 இல் சேர்வதில்லை. ஆகவே உண்மையில் கிடைக்கும் காலம் ஏறத்தாழ மூன்றரை மாதங்களோ அதற்குச் சற்று மேலோ ஆகும்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைப்பது 12 வாரங்கள். மகப்பேற்றுக்கு முன் 2 வாரங்களும் பின் 10 வாரங்களும் இதில் அடங்கும். இவை நாட்காட்டி வாரங்கள் என்பதால் இடையில் வரும் ஞாயிறுகளும் ஏனைய விடுமுறைகளும் இதனுள்ளேயே அடங்கிவிடுகின்றன. மேலும், மகப்பேற்றுக்கு முந்திய ஓராண்டு காலத்தில் 150 நாட்களாவது அதே பணிகொள்வோரிடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மகப்பேற்றை அடுத்த முதல் நான்கு வாரங்களில் பெண்ணை வேலைக்கு அமர்த்துவது தடை செய்யப்பட்டுள்ளது. மருத்துவ வசதிகளைத் தாமே ஏற்படுத்திக் கொடுக்கும் தோட்ட நிருவாகங்கள், காசின் ஒரு பகுதிக்கு ஈடாக "மாற்று மகப்பேற்று நன்மைகள்" வழங்கவும் இக்கட்டளைச் சட்டம் இடமளிக்கின்றது.

2018 வரை, முதலிரு குழந்தைகளுக்கு மட்டுமே முழு அளவு விடுப்புக் கிடைத்தது. மூன்றாவதும் அதன் பின்னரும் பிறக்கும் குழந்தைகளுக்கு அது 42 நாட்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018 இல் இரு சட்டங்களும் திருத்தப்பட்டு இவ்வேறுபாடு நீக்கப்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கை எதுவாயினும் விடுப்பு ஒன்றே என்பது தற்போதைய நிலை. குழந்தை உயிருடன் பிறக்காத நிலையில் 42 நாட்கள், அதாவது 6 வாரங்கள், விடுப்பு உண்டு.

குழந்தை ஒரு வயதை அடையும் வரை தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அளிக்கப்பட வேண்டும். பணியிடத்தில் குழந்தைக் காப்பகம் இருப்பின் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணித்தியாலமாகும். இல்லையெனின் ஒரு மணித்தியாலமாகும். கருவுற்றிருப்பதைக் காரணமாகக் கொண்டு பெண் ஒருவரைப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதமானது.

வாக்களிப்பதற்கான விடுப்பு

1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், தேர்தல் நாளில் ஊழியர் வாக்களிப்பதற்குச் சம்பள இழப்பின்றி விடுப்பு அளிக்கப் பணிகொள்வோரைக் கட்டாயப்படுத்துகின்றது. இது தொடர்ச்சியான நான்கு மணித்தியாலங்களுக்குக் குறையாத காலமாக இருத்தல் வேண்டும். ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கொழும்பில் பணிபுரிந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் போன்ற தொலைவிடங்களில் வாக்காளராகப் பதிவு செய்துள்ளோருக்கு நான்கு மணித்தியாலங்கள் போதுமானவை அல்ல என்பதால், பயணத் தொலைவுக்கு ஏற்பக் கூடுதல் காலம் வழங்குமாறு தேர்தல்கள் ஆணைக்குழு அறிவுறுத்தி வந்துள்ளது. இவ்விடுப்பை அமய விடுப்பிலோ வருடாந்த விடுப்பிலோ கழிக்கக் கூடாது.

சம்பளச் சபைத் தொழில்களில் விடுப்பு

சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழிலாளருக்கும் வருடாந்த விடுப்பும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளும் உண்டு. ஆனால் விடுப்பின் அளவு, முந்திய ஆண்டில் அவர் எத்தனை நாட்கள் வேலைக்கு வந்தார் என்பதைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இதற்கான அளவுகள் தொழிலுக்குத் தொழில் வேறுபடும்.

முக்கியமான வேறுபாடு அமய விடுப்பில் உள்ளது. கடை, அலுவலக ஊழியருக்கு உரிய 7 நாள் அமய விடுப்பைப் போன்றதோர் உரிமை சம்பளச் சபைத் தொழிலாளருக்குப் பொதுவாக இல்லை. இதனால் நோயுற்ற நாளில் வேலைக்கு வராத தொழிலாளர் அந்நாளின் சம்பளத்தை இழக்கிறார். வரவைக் கொண்டு விடுப்பு கணிக்கப்படுவதால், வராத நாட்கள் கூடும்போது அடுத்த ஆண்டுக்கான வருடாந்த விடுப்பும் குறையக்கூடும். நோயினால் வரும் இழப்பு இவ்வாறு இரு முறை ஏற்படுகின்றது.

நாட்சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளரிடையே இதன் தாக்கம் கூடுதலாகும். மழையினாலோ கொழுந்துக் குறைவினாலோ வேலை நாட்கள் குறையும் இடங்களில், வேலையில்லாத நாள் என்பது ஓய்வு நாளாக அன்றி வருமானம் இல்லாத நாளாகவே அமைகின்றது. சில தொழில்களில் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தங்கள் மூலம் கூடுதல் விடுப்புகளைப் பெற்றுள்ளன. அவ்வொப்பந்தங்கள் அவற்றில் கையொப்பமிட்ட தரப்பினரையும், அவை பரப்பப்பட்ட நிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும்.

சட்டத்தில் இல்லாதவை

பின்வருவன பல நிறுவனங்களில் வழங்கப்படுபவையாயினும், 1954 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அதன் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்திலோ இடம்பெறாதவை:

* தந்தைமை விடுப்பு
* தனியான நோய் விடுப்பு
* நெருங்கிய உறவினர் இறப்புக்கான விடுப்பு
* திருமண விடுப்பு
* ஓரிரு மணித்தியாலங்களுக்கான குறுகிய விடுப்பு
* பயன்படுத்தாத அமய விடுப்பைக் காசாக்கல்

இவை நிறுவனத்தின் நியமனக் கடிதம், கைந்நூல், கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றைப் பொறுத்தவை. நியமனக் கடிதத்தில் ஒருமுறை அளிக்கப்பட்டுவிட்டால் அவை ஒப்பந்த உரிமைகள் ஆகிவிடுகின்றன.

அரச துறையுடன் ஒப்பீடு

அரச ஊழியரின் விடுப்புகள் தாபனக் கோவையினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. இரு துறைகளுக்கும் இடையிலான வேறுபாடு பின்வருமாறு:

* அமய விடுப்பு: அரச துறையில் 21 நாட்கள், தனியார் துறை அலுவலகங்களில் 7 நாட்கள்
* ஓய்வு விடுப்பு அல்லது வருடாந்த விடுப்பு: அரச துறையில் 24 நாட்கள், தனியார் துறை அலுவலகங்களில் 14 நாட்கள்
* மகப்பேற்று விடுப்பு: அரச துறையில் முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதன்பின் சம்பளமின்றி 84 நாட்கள், தனியார் துறையில் முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள் அல்லது 12 வாரங்கள்
* தந்தைமை விடுப்பு: அரச துறையில் 3 நாட்கள், தனியார் துறையில் சட்ட ஏற்பாடு இல்லை

மொத்தத்தில் அரச ஊழியர் 45 நாட்களும், தனியார் துறை அலுவலக ஊழியர் 21 நாட்களும் விடுப்புப் பெறுகின்றனர். இலங்கைக் குடும்பங்களில் அரச வேலைக்கு இன்றும் இருக்கும் மதிப்புக்கு ஓய்வூதியத்துடன் இவ்வேறுபாடும் ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு.

அனைத்துலக அளவில் நோக்கின், அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1970 ஆம் ஆண்டின் 132 ஆம் இலக்கச் சமவாயம் ஆண்டுக்கு மூன்று வேலை வாரச் சம்பள விடுப்பையும், 2000 ஆம் ஆண்டின் 183 ஆம் இலக்கச் சமவாயம் 14 வார மகப்பேற்று விடுப்பையும் ஆகக் குறைந்த அளவுகளாகக் கொள்கின்றன. இலங்கையின் தொழிற்சாலை, தோட்டப் பெண்களுக்குரிய 12 வாரங்கள் இவ்வளவினும் குறைந்ததாகும்.

நடைமுறைப்படுத்தல்

இச்சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்புத் தொழில் திணைக்களத்தைச் சார்ந்தது. இதன் தலைவர் தொழில் ஆணையாளர் நாயகம் ஆவார். கொழும்பு நாரகேன்பிட்டியில் தலைமை அலுவலகமும், நாட்டின் பல பகுதிகளில் மாவட்டத் தொழில் அலுவலகங்களும் உள்ளன. தொழில் அலுவலர்கள் பணியிடங்களைப் பார்வையிடவும், பதிவேடுகளைக் கோரிப் பெறவும் அதிகாரம் உடையவர்கள்.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, பணியில் சேரும்போதே சம்பளம், வேலை நேரம், விடுமுறைகள் முதலிய விபரங்களை எழுத்தில் அளிக்கப் பணிகொள்வோர் கடமைப்பட்டவர். விடுப்பு மறுக்கப்பட்ட ஊழியர் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. அலுவலகம் இரு தரப்பினரையும் அழைத்து விசாரிக்கும். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, விடுப்பு விண்ணப்பங்களின் பிரதிகள் ஆகியன முறைப்பாட்டுக்கு வலுச் சேர்ப்பவை. எழுத்தில் விண்ணப்பிக்காமல் வாய்மொழியாகக் கேட்டு மறுக்கப்பட்ட விடுப்பை உறுதிப்படுத்துவது கடினம்.

விமர்சனங்கள்

இலங்கையின் விடுமுறைச் சட்டங்கள் பற்றி இரு தரப்பிலிருந்தும் குறைகள் கூறப்படுகின்றன. பூரணை நாட்களும் சேர்ந்து நாட்டில் விடுமுறைகள் மிகுதி என்பது பணிகொள்வோரின் வாதம். 14 நாள் வருடாந்த விடுப்பு, 7 நாள் அமய விடுப்பு, 8 வணிக விடுமுறைகள், 12 பூரணைகள் எனக் கூட்டினால், வாராந்த விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 41 நாட்கள் ஆகின்றன. இக்கூட்டுத்தொகை அலுவலக ஊழியருக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், நோய்க்கென அதில் ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை என்பதும் தொழிற்சங்கங்களின் மறுமொழி.

மகப்பேற்று விடுப்பின் முழுச் செலவும் தனிப்பட்ட பணிகொள்வோரையே சார்வது மற்றொரு சிக்கல். பல நாடுகளில் இச்செலவு சமூகக் காப்புறுதி நிதியொன்றிலிருந்து ஈடு செய்யப்படுகின்றது. அத்தகைய நிதி இல்லாத நிலையில், சிறு நிறுவனங்கள் இளம் பெண்களை வேலைக்குச் சேர்க்கத் தயங்குவதற்கு இச்சட்டமே மறைமுகக் காரணமாகிவிடுகின்றது எனச் சுட்டிக்காட்டப்படுகின்றது. பெண்களைக் காப்பதற்கென இயற்றப்பட்ட விதி அவர்களது வேலைவாய்ப்பைக் குறைக்கும் முரண் இதுவாகும்.

அலுவலக ஊழியருக்கு ஒரு சட்டம், தொழிலாளருக்கு வேறொரு சட்டம் என்ற பகுப்பு குடியேற்றவாதக் காலத்தின் எச்சம் என்பது மேலுமொரு விமர்சனம். 2023 இல் பல தொழிற் சட்டங்களை ஒன்றிணைத்து ஒரே வேலைவாய்ப்புச் சட்டமாக்கும் முயற்சி முன்னெடுக்கப்பட்டது. வேலை நேரம் முதலிய பாதுகாப்புகள் தளர்த்தப்படும் எனக் கூறித் தொழிற்சங்கங்கள் அதனை எதிர்த்தன. ஒரே சட்டம் வேண்டும் என்பதில் பெருமளவு உடன்பாடு இருப்பினும், அச்சட்டம் தொழிலாளரின் உரிமையை அலுவலக ஊழியரின் அளவுக்கு உயர்த்துமா, அல்லது இருவரின் உரிமையையும் குறைக்குமா என்பதே சர்ச்சையின் மையமாகும்.

இவற்றையும் பார்க்க

* இலங்கையின் பொது விடுமுறை நாட்கள்
* பூரணை
* இலங்கைத் தொழிற்சங்க இயக்கம்
* மலையகத் தமிழர்
* ஊழியர் சேமலாப நிதி
* அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு
* மே நாள்